பாவாவும் நானும் இருபத்தொரு கிலோமீட்டரும்

போன ஞாயிற்றுக்கிழமை ஓடினேன்.

பஸ்ஸைப் பிடிக்க அல்ல. நாய் துரத்தியும் அல்ல. ஆர்.கே.பேட்டை பஸ் ஸ்டாண்டிலிருந்து திருத்தணி மலையடிவாரம் வரை, இருபத்தொரு கிலோமீட்டர், நானாகவே பெயர் கொடுத்து, பனியனில் நம்பர் குத்திக்கொண்டு ஓடினேன். எங்கள் ஊர் இளைஞர்கள் 'பாதி மாரத்தான்' என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். பாதிதானே, என்ன பெரிய விஷயம் என்று நினைத்துவிட்டேன். எந்தப் பாதி என்று கேட்டிருக்க வேண்டாமோ?

எனக்கு நாற்பத்து மூன்று வயது. தொந்தியைப் பற்றி வாசகர்கள் பலர் விசாரித்து எழுதுகிறீர்கள்... சௌக்கியமாக இருக்கிறது. அதைக் குறைக்கத்தான் மூன்று மாதமாக, நான் குடியிருக்கும் திருத்தணியில், ஸ்டேஷன் ரோட்டில் விடியற்காலையில் ஓடிப் பழகினேன். முதல் வாரம், நான் எதையோ திருடிக்கொண்டு ஓடுவதாகப் பால்காரர் நினைத்தாராம்.

சனிக்கிழமை மழை. ஞாயிறு காலை ஆறு மணிக்கு வானம் மூடிக் கிடந்தது. வெயில் இல்லையே என்று சந்தோஷப்பட்டேன். அனுபவமில்லாதவனின் சந்தோஷம்! ஓர் இலை அசையவில்லை. ரோட்டிலிருந்து ஆவி கிளம்பியது. சும்மா நிற்கும்போதே பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது. வெயிலில் வியர்த்தால் காற்று துடைத்துவிடும். புழுக்கத்தில் யார் துடைப்பது?

அப்போதுதான் பார்த்தேன். எனக்கு நாலு பேர் தள்ளி, காக்கி அரை டிராயரும் புது கேன்வாஸ் ஷூவுமாக ஒருவர் குதித்துக் குதித்துக் காலை உதறிக்கொண்டிருந்தார்.

என் பாவா.

அக்கா வீட்டுக்காரர். அம்மையார்குப்பத்தில் நாலு பவர்லூம் வைத்திருக்கிறார். என்னைவிட ஆறு வயது பெரியவர். இரண்டு வருடமாக எங்களுக்குள் பேச்சு வார்த்தை கிடையாது.

காரணம்? என் பெண்ணின் காதுகுத்துப் பத்திரிகை. அதில் பாவாவின் பெயர் விட்டுப்போய்விட்டது. அச்சுக் கோத்தவர் விட்டார், ப்ரூஃப் பார்த்த நான் கவனிக்கவில்லை. பாவா வந்தார், மொய் வைத்தார், கை நனைக்காமல் அக்காவை அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அதன் பிறகு அக்கா ஆடிக் கிருத்திகைக்கு மலைக்கு வருவாள். எங்கள் தெரு வழியாகத்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போவாள். வீட்டுக்குள் வரமாட்டாள். ஜன்னல் வழியாக அவள் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அதை எழுதினால் பத்தி வேறு மாதிரி ஆகிவிடும். விடுங்கள்.

விசில் அடித்தார்கள். வாலிபர்கள் எல்லாரும் பறந்தார்கள். இரண்டாவது மைலுக்குள் ரோட்டில் கடைசியாக மிஞ்சியது இரண்டு பேர். முன்னால் பாவா. ஒரு ஃபர்லாங் பின்னால் நான். எனக்கும் பின்னால், முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள ஒரு வேன்.

டிரைவர் ரொம்பத் தங்கமான மனிதர். அரை மைலுக்கு ஒரு தடவை தலையை நீட்டிக் கேட்டார்.

"ஏறிக்கிறீங்களா சார்?"

"வேணாம்ப்பா."

"ஃபேன் கீது சார்."

இப்படி ஒரு சோதனை யாருக்கும் வரக்கூடாது.

கே.ஜி.கண்டிகை வந்தபோது என் ஷூவுக்குள் வியர்வை சளக் சளக் என்றது. டீக்கடை வாசலில் பாவா குனிந்து, முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு அவரைத் தாண்டினேன். ஆமாம், தாண்டினேன்! உண்மையைச் சொல்வதென்றால், கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. இருநூறு கஜம் சிட்டாகப் பறந்தேன். பிறகு, அவர் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் அற்ப ஆசையில் திரும்பினேன்.

பாவா ரோட்டோரம் விழுந்து கிடந்தார்.

ஓடினேன். அன்று நான் வேகமாக ஓடியது அந்த இருநூறு கஜம்தான், அதுவும் எதிர்த்திசையில். கெண்டைக்கால் சதை கல்லாகச் சுருண்டிருந்தது. முகம் வெளுத்து, கண் சொருகியிருந்தது. இரண்டு வருடமாக யார் முதலில் பேசுவது என்று காத்திருந்தோம் அல்லவா? அதெல்லாம் நினைவுக்கே வரவில்லை.

"பாவா! பாவா! இங்க பாருங்க..."

டீக்கடை அம்மா கஞ்சித் தண்ணீரில் உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டு ஓடி வந்தார். "தலய தூக்கிப் புடிங்க சார். மெதுவா உடுங்க, பொறையேறிடப் போவுது."

நான் காலை நீவிவிட்டேன். இரண்டு சொம்பு உள்ளே போன பிறகு பாவாவுக்குக் கண் தெளிந்தது. என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

"கால உடுறா. கூசுது."

உயிர் வந்துவிட்டது... அவருக்கு இல்லை, எனக்கு.

வேன் வந்து நின்றது. "பெரியவரே, ஏறிக்கிறீங்களா?"

"இவன் ஏறுவானா?" என்றார் பாவா என்னைக் காட்டி.

"நீங்க ஏறுங்க பாவா. நான் நடந்து வந்துடறேன்."

"ஆங்... நான் வேன்ல போவேன், நீ நடந்து போய் ஜெயிச்சுடுவ. இன்னாமா புத்தி போவுது பாரு!"

அரை மணி உட்கார வைத்துவிட்டுத்தான் டீக்கடை அம்மா எங்களை விட்டார். என் தோளில் ஒரு கையைப் போட்டுக்கொண்டு பாவா நடந்தார். வேனும் நடந்தது. ரோட்டில் ஒரு வளைவைத் தாண்டினோம். பிறகு அவரே ஆரம்பித்தார்.

"நீ ஓடறன்னு கேள்விப்பட்டுதான் பேர் குடுத்தேன். உன்ன முந்திகினு போய், திரும்பிப் பாத்து ஒரு சிரிப்பு சிரிக்கணும். அதுக்கோசரம் ரெண்டு மாசமா ஏரிக்கரை மேல ஓடிகினு கீறேன்."

"பத்திரிகைல பேர் உட்டுப்போனது என் தப்புதான் பாவா."

"பேரு கெடக்குதுடா. மறுநாள் நீ வருவன்னு வாசல்லயே உக்காந்திருந்தேன். தறியகூட ஓட்டல. நீ வரல."

"வந்தா தொரத்திடுவீங்கன்னு பயந்துட்டேன்."

"தொரத்திதான் இருப்பேன்" என்றார் பாவா. "நீ தெருமுனை தாண்டறதுக்குள்ள கூப்ட்டிருப்பேன்."

வாசகர்களே, நம் வீடுகளில் முக்கால்வாசிச் சண்டை இப்படித்தான் நிற்கிறது. ஒருவர் வாசலில் காத்திருக்கிறார். இன்னொருவர் வீட்டில் பயந்துகொண்டிருக்கிறார். நடுவில் ரோடு காலியாகக் கிடக்கிறது.

மலையடிவாரத்தை அடைந்தபோது பதினோரு மணி. பரிசு கொடுத்து முடித்து, பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்புக் கோடு மட்டும் மிச்சமிருந்தது. கோட்டுக்குப் பத்தடி இருக்கும்போது, அதுவரை என் தோளில் தொங்கிக்கொண்டு வந்த மனிதர் சட்டென்று கையை உதறினார். நொண்டிக்கொண்டே நாலு தாவு தாவிக் கோட்டைத் தாண்டினார். திரும்பிப் பார்த்து, ரெண்டு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த அந்தச் சிரிப்பைச் சிரித்தார்.

பந்தல்காரர்கள் கை தட்டினார்கள். நானும்தான்.

பிறகு என் வீட்டில் குளித்து, என் வேட்டியைக் கட்டிக்கொண்டு, இலை போட்டு உட்கார்ந்து மூன்று தடவை ரசம் கேட்டார். ஆள் அனுப்பினேன்; சாயங்காலத்துக்குள் அக்காவும் வந்துவிட்டாள். நடையில் நின்று எங்கள் இருவரையும் பார்த்தாள். வீங்கிய கால்கள், கொப்புளம், வீடு முழுக்கத் தைல வாசனை. கண்ணைத் துடைத்துக்கொண்டே திட்ட ஆரம்பித்தாள்.

"ஏன்டா, ரெண்டு பேரும் பேசிக்கிறதுக்கு இந்தப் புழுக்கத்துல இம்மாந்தூரம் ஓடணுமா?"

உங்களுக்கும் கோபித்துக்கொண்ட பாவா யாராவது இருக்கிறாரா? ஓட வேண்டாம். பஸ் ஏறுங்கள்.