சுண்ணாம்புக் குழிக்கு வழி கேட்டேன்

புது ஊருக்குப் போனால் கோயில் எங்கே, நல்ல சாப்பாட்டுக் கடை எங்கே என்று விசாரிப்பவர்கள் உண்டு. நான் சுண்ணாம்புக் கல் எங்கே என்று விசாரிப்பேன். நான் அரியலூர்க்காரன். எங்கள் பக்கம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது. இப்போதும் காட்டை உழுதால் நத்தையும் சிப்பியும் கல்லாகி மேலே வரும். அறிவியல் வாத்தியாராகி அதற்குப் புதைபடிவம் என்று பெயர் சொல்லிக் கொடுத்தே ஓய்வும் பெற்றுவிட்டேன். என் மனைவிக்கு மட்டும் அது இன்றைக்கும் "உங்க கல்லு கருமாந்திரம்"தான்.

போகிற இடத்தில் கல் தேடுவதற்கு நான் சில வழிகள் வைத்திருக்கிறேன். ரோடு போட வெட்டிய மேட்டை பஸ் ஜன்னலிலிருந்தே பார்த்துக்கொள்வேன். புதுக் கிணறு தோண்டிக் கொட்டிய மண்ணைக் காலால் கிளறுவேன். போர் போடும் லாரிக்காரர்களோடு வலியப் போய்ப் பேச்சுக் கொடுப்பேன். பூமிக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்தப் பேராசிரியருக்கும் தெரியாது. எதுவும் பலிக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது டீக்கடை. அங்கே பதில் கிடைக்காத கேள்வி இல்லை. ஆனால் கேள்வி சரியாக இருக்க வேண்டும். நான் ஆம்பூரில் கோட்டை விட்டது அங்கேதான்.

ஆம்பூரில் ஒன்றும் அகப்படாது என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஊரைச் சுற்றி நிற்கும் அந்த மலைகள் உலகத்தில் நத்தை, சிப்பி என்று எதுவும் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே வெந்து இறுகிப்போன பாறை. தலைகீழாக நின்றாலும் அதில் ஓர் ஓடு கிடைக்காது. தெரிந்தும் தேடக் கிளம்பினேன் என்றால், அதற்குக் காரணம் என் சம்பந்தி. அவரோடு ஒரே வீட்டில் உட்கார்ந்திருக்க எனக்கு முகம் இல்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஒரு பையனை விரும்பினாள். கிறிஸ்தவக் குடும்பம். பையனின் அப்பா தோல் ஷாப்பில் வேலை செய்தவர். தோல் பதனிடும் இடத்தை அங்கே தோல் ஷாப் என்றுதான் சொல்கிறார்கள். முனகிக்கொண்டேதான் சம்மதித்தேன். கல்யாணத்தன்று அவர்கள் வீட்டு வாசலில் நின்றபோது தோல் ஷாப் பக்கமிருந்து காற்று திரும்பி அடித்தது. நான் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "இந்த நாத்தத்துல மனுஷன் எப்படிடா குடியிருக்கான்?" என்று என் தம்பியிடம் சொன்னேன். எனக்குப் பின்னால் சம்பந்தி கையில் கலர் பாட்டில்களோடு நின்றிருந்தார். ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுப் போனார். நான் பேசியது வெறும் நாற்றத்தைப் பற்றி அல்ல என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

தம்பி மூலம் அது மகள் காதுக்கும் எட்டியது. அதன் பிறகு இரண்டு வருஷம் நான் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. இந்தத் தடவை என் மனைவிதான் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பி வைத்தாள். வேலூரில் பஸ் மாறி ஆம்பூரில் இறங்கினேன். மகள் பையை வாங்கிக்கொண்டு, கேட்க வேண்டியதை அங்கேயே கேட்டுவிட்டாள்.

"அப்பா, போறதுக்குள்ள அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுப்பா. எனக்காக."

"பாக்கலாம்" என்றேன். நாற்பது வருஷம் பிள்ளைகளை மன்னிப்புக் கேட்க வைத்தவன் நான். எனக்கு அது வரவில்லை. இரண்டு நாளும் அவர் பேப்பர் படித்தார், நான் டிவி பார்த்தேன். "தண்ணி வேணுமா சார்?" "வேணாங்க." அவ்வளவுதான் எங்கள் சம்பாஷணை. நடுவில் மகள் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி இருந்தாள். அதைத் தாங்க முடியாமல் மூன்றாம் நாள் காலையில் தெருமுனை டீக்கடைக்குப் போனேன்.

"இந்தப் பக்கம் சுண்ணாம்புக் குழி எங்கயாவது இருக்குங்களா?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் சுண்ணாம்புக் குழி என்றால் சுண்ணாம்புக் கல் வெட்டி எடுக்கும் பள்ளம். வேறு அர்த்தம் உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

டீக்கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இன்னா சார், உங்க சம்பந்தியே முப்பது வருஷம் சுண்ணாம்பு குழில நின்னவரு. அவரை வூட்ல வெச்சுக்கினு என்னைக் கேக்கறீங்களே?"

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. தோலை முடி கழல ஊறப் போடும் தொட்டிக்கு அங்கே அதுதான் பெயர். நான் டீயைக் குடித்துவிட்டு வீடு திரும்புவதற்குள் சேதி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. சம்பந்தி இஸ்திரி போட்ட சட்டையில் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"குழி பாக்கணும்னு கேட்டீங்களாமே. எங்கிட்டயே சொல்லியிருந்தா நானே இட்டுனு போயிருப்பேனே சார்."

அவர் வேலை செய்த இடத்தைப் பார்க்க நான் ஆசைப்பட்டதாக நினைத்துவிட்டார். இல்லைங்க, நான் கல்லைத்தான் கேட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பின்னால் மகள் நின்றிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் முகத்தை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

தோல் ஷாப் வாசலில் வாட்ச்மேன் எழுந்து அவருக்கு வணக்கம் வைத்தார். உள்ளே தரையோடு தரையாகத் தொட்டிகள். பாதிக்கு மேல் காலி. இப்போதெல்லாம் பெரிய மர டிரம்மில் போட்டுச் சுற்றிவிடுகிறார்கள் என்றார். மிச்சத் தொட்டிகளில் வெள்ளைத் தண்ணீருக்குள் தோல் ஊறிக்கொண்டிருந்தது. வாடை மூக்கில் ஏறியது. கைக்குட்டைக்காக என் கை தானாக ஜேபிக்குப் போனது. அவர் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தார். எனக்கு வசதி செய்து கொடுக்கத்தான் அப்படிப் பார்க்கிறார் என்று புரிந்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது. கையை வெளியே எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

எந்தத் தொட்டியில் எத்தனை நாள், எப்படிப் புரட்டிப் போடுவது என்று அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். பாடம் நடத்துவதில் என்னைவிடக் கெட்டிக்காரர். முன்பெல்லாம் சூளையில் சுட்ட சுண்ணாம்பு கல்லாகவே லாரியில் வருமாம். இவர்கள்தான் தண்ணீர் விட்டு நீற்ற வேண்டும். அது கொதித்துத் தெறித்து முழங்கை வரை பொத்துப்போகும். அவர் விரல்களை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். நுனியெல்லாம் வெளுத்து, ரேகை இல்லாமல் மழுங்கியிருந்தன.

"சில கல்லு எவ்ளோ தண்ணி ஊத்தினாலும் கரையாது. வேகாத கல்லுன்னு சொல்வோம். தூக்கி அந்தச் சுவத்துக்குப் பின்னால கடாசிடுவோம்."

"சுட்ட கல் எங்கிருந்து வரும்?"

"உங்க ஊரு பக்கந்தான் சார். அரியலூரு லாரி."

நான் வாத்தியார், அவர் சம்பந்தி என்பதெல்லாம் மறந்துபோய் அந்தச் சுவரை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனேன். பின்னால் முள்ளுச்செடி மண்டிய குவியல். கீழே உட்கார்ந்து கிளறினேன். அவரும் என்ன ஏது என்று கேட்காமல் பக்கத்தில் குந்தி, குச்சியால் முள்ளை விலக்கிக் கொடுத்தார். ஐந்தாவதோ ஆறாவதோ கல்லில் இருந்தது. பாதி வெந்து, பாதி வேகாமல் நின்ற துண்டு. வேகாத பக்கத்தில் வரி வரியாக ஒரு முழுச் சிப்பி.

என் வாழ்க்கையில் நான் எடுத்த சிப்பிகளுக்குக் கணக்கில்லை. ஆனால் இதைக் கையில் வைத்துக்கொண்டு என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. சின்ன வயதிலிருந்து நான் பெருமையடித்துக்கொண்ட எங்கள் ஊர்க் கல்தான் முப்பது வருஷம் இந்த மனிதரின் விரல்களைத் தின்றிருக்கிறது. அவர் வீட்டு வாசலில் நின்றுதான் நான் மூக்கைப் பொத்தினேன்.

அவரிடம் கொடுத்து, கடல் இருந்த கதையைச் சொன்னேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது உசுரோட இருந்தப்போ நாறியிருக்குமா சார்?"

கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

"நல்லாவே நாறியிருக்கும்" என்றேன். அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "அன்னிக்கு நான் பேசினது பெரிய தப்புங்க. என்னை மன்னிச்சிடுங்க."

அவர் சிப்பியிலிருந்த மண்ணைக் கட்டை விரலால் துடைத்தபடியே இருந்தார்.

"உங்க பொண்ணுதான் ரெண்டு வருஷமா மன்னிப்பு கேட்டுனு இருக்குதே" என்றார். "வாயால இல்ல. இந்தப் பக்கத்துக் காத்து அடிச்சா தெருவுல எல்லாரும் ஜன்னல சாத்துவாங்க. அது மட்டும் எழுந்து போயி, நான் பாக்கற மாதிரி, நல்லா தொறந்து வெக்கும். சாத்தும்மா சாத்தும்மான்னு எவ்ளோ சொல்லிட்டேன், கேக்க மாட்டேங்குது. நீங்களாவது போயி சாத்த சொல்லுங்க சம்பந்தி. எனக்கே அந்த நாத்தம் ஆவறதில்ல."