கண்மாய்க் கரையில் விட்ட சேலை

அடைக்கலம் என்று ஆணுக்கும் பெயர் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். கந்தர்வக்கோட்டைப் பக்கம் பொன்னுத்தாய்க்கு மகளாகப் பிறந்த அடைக்கலத்துக்குப் பதினாறு வயதில் கல்யாணம். பதினெட்டில் புருஷன் காலராவில் போய்விட்டான். அப்புறம் வெள்ளைச் சேலையும் அண்ணன் ஆத்மநாதன் வீட்டு அடுப்படியும்தான். சேலை என்றைக்குமே அவளுக்குத் தன் உடுப்பாகத் தோன்றியதில்லை. அதை யாரிடம், என்னவென்று சொல்வது?

1938இல் டூரிங் டாக்கீஸ் வந்தது. அண்ணன் பிள்ளைகளுக்குத் துணையாகப் போனாள். ஒரு ராஜகுமாரி ஆண் வேஷத்தில் குதிரையேறித் திரியும் படம். கடைசியில் தலைப்பாகையை அவிழ்த்து, கூந்தலை விரித்துப் போட்டு, இளவரசனுக்கு மாலையிட்டாள். கொட்டகை முழுக்கக் கைதட்டியது. இவ்வளவு தூரம் வந்தவள் ஏன் அவிழ்த்தாள் என்றே வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டு வந்தாள் அடைக்கலம்.

நாலாம் நாள் விடியற்காலையில் கண்மாய்க் கரையில் சேலையை விட்டுவிட்டு, முடியை அறுத்தெறிந்து, அண்ணனின் வேட்டி சட்டையோடு நடந்தாள். புதுக்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தவனை அதன்பின் யாரும் அவள் என்று சொன்னதில்லை. நாமும் சொல்ல வேண்டாம்.

அங்கே கொட்டகை போட்டிருந்த டூரிங் டாக்கீஸ் முதலாளி முத்துராமன் அவனை ஆயில் எஞ்சின் பார்க்கவும், மாட்டுவண்டியில் நோட்டீஸ் கொடுக்கவும் வைத்துக்கொண்டார். மீசை முளைக்காதவன் என்று கூட இருந்தவர்கள் கேலி செய்தார்கள். யார் எதிரிலும் சட்டையைக் கழற்ற மாட்டான். ஆனாலும் கடைவீதியில் யாருக்கும் ஒதுங்காமல் நடக்கிறபோது மூச்சு தாராளமாக வந்தது. ஆத்தா நினைப்பு மட்டும் உறுத்தும். கண்மாயில் விழுந்து செத்தேன் என்று நம்பி அழுதிருப்பாளே. கடுதாசி போட்டால் வந்து இழுத்துப் போவார்கள். அவன் போடவில்லை.

ஆறு வருஷம் கழித்துக் கொட்டகை கந்தர்வக்கோட்டைக்கு வந்தது. நோட்டீஸ் வண்டி அவன் ஊரை நெருங்கியபோது சாவு மேளம் கேட்டது. ஆத்மநாதனின் ஆத்தா போய்விட்டதாக எதிரே வந்தவர் சொன்னார். அடைக்கலம் வண்டியை விட்டு இறங்கினான்.

பாடை கிளம்பியதும் பெண்கள் தெருமுனையோடு நின்றார்கள். மகளாக இருந்திருந்தால் அவனும் அங்கேயே நின்றிருக்க வேண்டும். ஆண்களோடு ஆணாகச் சுடுகாடு வரை நடந்தான். முன்பின் தெரியாத ஆள் எதற்கு அழ வேண்டும்? பல்லைக் கடித்துக்கொண்டான்.

ஆத்மநாதன் திரும்பியபோது அவனைப் பார்த்துவிட்டான். அண்ணன் முகம் வெளிறியது.

"எந்த ஊருங்க?"

"டாக்கீஸ்ல வேலைங்க. இந்தப் பக்கம் வந்தேன்."

ஆத்மநாதன் அரிசித் தட்டை நீட்டினான்.

"ஆறு வருஷமா மக பேரைச் சொல்லியே கெடந்து போயிருச்சு. வாய்க்கரிசி போட்டுட்டுப் போங்க. இனிமே இங்கிட்டு வராதீங்க."

அடைக்கலம் போட்டான். விரல் ஆத்தாவின் உதட்டில் பட்டது. பின்னால் நின்றவர் தட்டை வாங்கிக்கொண்டார்.

மறுநாளே முத்துராமனிடம் சொல்லிக்கொண்டு கட்டுமாவடிக்குப் போனான். மீன் கூடை சுமந்தான், தனியாகப் பொங்கிச் சாப்பிட்டான். சொந்த ஊர் எது என்று கேட்டவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு ஊரைச் சொன்னான்.