சொதி ஆறிப்போச்சு என்றேன்

2025 பிப்ரவரி 8, சனிக்கிழமை. திருநெல்வேலியில் எங்களுக்கு இரண்டாம் நாள். காலை 5.10-க்கு எழுந்தேன். 5.50-க்கு நானும் மனைவியும் ஆட்டோவில் குறுக்குத்துறைக்குக் கிளம்பினோம். தாமிரபரணியில் அரை மணி நேரக் குளியல். 7.35-க்கு நயினார்குளக் கரை. அங்கே ஒன்றரை மணி நேரம் நடந்துகொண்டே பைனாகுலரில் பறவை பார்த்தோம். நீர்க்காகம் 41, நீலத் தாழைக்கோழி 17, நத்தைக்குத்தி நாரை 9, எண்ணி முடிக்க விடாமல் எழுந்து பறந்த மடையான்கள் ஒரு கூட்டம். பிறகு இட்லி, அறைக்குத் திரும்பி உடை மாற்றல், நெல்லையப்பர் கோயில். எல்லாவற்றையும் சிறு நோட்டில் நேரத்தோடு குறித்திருக்கிறேன். முப்பது வருடப் பழக்கம்.

சேலம் பக்கம் ஒரு நூற்பாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். நூலில் எங்கே முடிச்சு, எங்கே மெலிவு என்று கண்டுபிடித்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டிலும் அந்தக் குணம் போகாது. மனைவி பொறுத்துக்கொள்கிறாள்.

பயணத் திட்டத்தில் மதியம் 12.45-க்கு எதிரே ‘சொதி’ என்று எழுதியிருந்தேன். தேங்காய்ப்பாலில் காய்கறியும் பாசிப்பருப்பும் சேர்த்துச் செய்கிற நெல்லைக் குழம்பு. சாப்பிட்டதே இல்லை. காலையில் வந்த ஆட்டோக்காரரிடம் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தேன்.

“கொளத்துக்கரைத் தெருவுல பச்சை கேட்டு ஒண்ணு இருக்கும் சார். மாடில மெஸ்ஸு. போர்டெல்லாம் கெடையாது. சனிக்கிழம சொதி போடுவாவ. வாசன வழி காட்டும், போங்க” என்றார்.

பச்சை கேட் இருந்தது. மாடிப்படி இருந்தது. தேங்காய்ப்பாலும் இஞ்சியும் கலந்த வாசனை படியிலேயே வந்துவிட்டது. மேலே வாசலில் நின்ற பெண்மணி எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, “ரயில்லயா வந்திய?” என்றார்.

“ஆமாங்க, சேலத்திலிருந்து.”

“சொன்னாவ, சொன்னாவ. வாங்க, உள்ள வாங்க. மொதல்ல கைய நனைங்க, மத்ததெல்லாம் பெறவு.”

சந்தனக் கிண்ணத்தை நீட்டினார். கல்கண்டு கொடுத்தார். என் மனைவி தலையில் பூ வைத்தார். ஆட்டோக்காரர் போன் செய்து சொல்லியிருக்கிறார் போல என்று நினைத்தேன். ஒரு மெஸ்ஸில் இப்படி உபசாரமா என்று எனக்கு ஒரே சந்தோஷம். மனைவி மட்டும், “ஏங்க, எனக்கு என்னவோ மாதிரி இருக்கு” என்றாள். நான் காதில் வாங்கவில்லை. மணி 12.48.

நீளமான கூடம். இரண்டு வரிசை இலை போட்டிருந்தது, ஆனால் வேறு யாரும் உட்காரவில்லை. எங்களை மட்டும் முதல் இலைகளில் உட்கார வைத்தார்கள். தோளில் துண்டு போட்ட ஒருவர் பரிமாறினார். இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்குப் பொரியல், அப்பளம், சோறு, சொதி. ருசி பிரமாதம். இரண்டாவது முறை ஊற்றியபோதுதான் எனக்குள் இருக்கும் தரக் கட்டுப்பாட்டுக்காரன் விழித்துக்கொண்டான். குழம்பு வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

“என்னங்க இது, சொதி ஆறிப்போச்சே. சூடு பண்ணிக் கொண்டுவரக் கூடாதா? இதைச் சாப்பிடவா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். உணவகங்களில் நான் எப்போதும் அப்படித்தான்.

பரிமாறியவர் முகம் மாறிவிட்டது. வாளியோடு உள்ளே ஓடினார். உள்ளே பாத்திரம் இழுபடும் சத்தம். இரண்டு மூன்று நிமிடத்தில் என் வயதுள்ள ஒருவர் வந்தார். புது வேட்டி, சட்டை முழுவதும் வியர்வை. நேராக என் இலைக்கு முன்னால் வந்து குனிந்து கைகூப்பினார்.

“மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி. சூடு பண்ண வச்சாச்சு, இப்பம் வந்துரும். வேற எதும் கொறை இருந்தாலும் எங்கிட்ட சொல்லுங்க. எம் பிள்ளகிட்ட காட்டிராதிய.”

நான் பெருந்தன்மையாக, “பரவாயில்லைங்க, இனிமேல் பார்த்துக்குங்க” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் உள் அறை வாசலைப் பார்த்துவிட்டேன். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பெண் ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கழுத்தில் புது மஞ்சள் கயிறு. கையில் மருதாணி. அவள் என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பயந்திருந்தாள்.

மனைவி என் முழங்கையை அழுத்திப் பிடித்தாள். “ஏங்க, இது மெஸ் இல்லீங்க. கல்யாண வீடுங்க.”

நான் எழுந்திருக்கப் போனேன். அதற்குள் சமையல்கட்டிலிருந்து ஒரு கூப்பாடு.

“எவம்லே பாத்திரத்த அடுப்புல ஏத்துனது? பால் ஊத்துன பெறவு பொங்க விடலாமா? மொத்தமும் திரிஞ்சு போச்சே!”

கூப்பாடு போட்டவர் தவசுப்பிள்ளை. சமையல்காரரை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். அவர் சற்று முன்புதான் கை கழுவப் பின்பக்கம் போயிருக்கிறார். சொதியில் கெட்டிப்பால் ஊற்றி இறக்கிவிட்டால் அப்புறம் கொதிக்கவே விடக்கூடாதாம், திரிந்துவிடும். நெல்லையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். பெண்ணின் அப்பாவுக்கும் தெரியும். ஆனால் நான் போட்ட சத்தத்தில் பதறிப்போய், அவரே பாத்திரத்தைத் தூக்கி அடுப்பில் வைத்துவிட்டு என்னிடம் ஓடிவந்திருக்கிறார்.

அதே நேரத்தில் தெருவில் வேன் ஹாரன் கேட்டது. கோவில்பட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் நாற்பது பேர் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் எனக்கு முழுதும் விளங்கியது. கல்யாணம் முந்தின நாள் வேறு மண்டபத்தில் முடிந்திருக்கிறது. மறுநாள் மதியம் பெண்வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதி விருந்து வைப்பது அவர்கள் வழக்கம். இந்தக் கூடத்தை அந்த ஒரு வேளைக்காக எடுத்திருந்தார்கள். அதனால் வாழைமரமோ பேனரோ எதுவும் இல்லை. கல்யாணத்துக்கு வர முடியாத மாப்பிள்ளையின் அத்தையும் மாமாவும் வெளியூரிலிருந்து ரயிலில் நேராக வருகிறார்கள், மாமா சர்க்கரை நோயாளி, வந்ததும் சாப்பிட உட்கார வைத்துவிடுங்கள் என்று தகவல் வந்திருந்தது. அவர்களைப் பார்த்தறிந்த மாப்பிள்ளை வேனை எதிர்கொள்ளத் தெருமுனைக்குப் போயிருந்தான். எல்லாம் சரியாக எங்களுக்குப் பொருந்திவிட்டது. மெஸ்ஸுக்கும் பச்சை கேட்தான்; அது அடுத்த கட்டிடம்.

நான் கையில் சோற்றோடு நின்றபடியே உண்மையைச் சொன்னேன். பரிமாறியவர் பெண்ணின் தாய்மாமன். அவருக்கு வந்ததே கோபம்.

“யாருவே நீரு? கூப்பிடாத வீட்டுல வந்து உக்காந்து, சூடு இல்ல, ருசி இல்லன்னு நாட்டாம பண்ணுதீரோ? இப்பம் வந்து நிக்கவுகளுக்கு எதவே ஊத்த?”

நியாயமான கேள்வி.

பெண்ணின் அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்பம் நீங்க மாப்பிள்ள வீட்டு ஆளு இல்லியா?”

“இல்லைங்க.”

“அவுக ஒண்ணும் சொல்லலயா?”

“அவங்களை எனக்குத் தெரியவே தெரியாதுங்க. மன்னிச்சிருங்க.”

அவர் அப்படியே சுவரில் சாய்ந்து, தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடித்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். உள் அறைப் பக்கம் திரும்பி, “ஏ பிள்ள, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. இவுக வேற ஆளு” என்றார். அண்டா நிறையக் குழம்பு பாழாகி நிற்கிறது. மாப்பிள்ளை வீட்டார் குறை சொல்லவில்லை என்பதுதான் அந்த மனிதருக்கு அதைவிடப் பெரிய விஷயம். என்னிடம், “உக்காருங்க அண்ணாச்சி, சாப்பிடுங்க. இலையில உக்காந்தவுகள எழுப்புத பழக்கம் எங்களுக்குக் கெடையாது” என்றார்.

எப்படிச் சாப்பிடுவது? மனைவி ஏற்கெனவே கை கழுவிவிட்டு முந்தானையைச் செருகிக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். தவசுப்பிள்ளை ஒரு பெரிய மூச்சு விட்டுவிட்டு, காய் மிச்சம் இருக்கிறது, தேங்காயும் இருக்கிறது, முக்கால் மணி நேரம் கொடுத்தால் புதிதாக இறக்கிவிடலாம் என்றார். நான்கு பெண்கள் தேங்காய் துருவவும் பால் பிழியவும் உட்கார்ந்தார்கள்.

“முக்கா மணி நேரம் அவுகள என்ன சொல்லி நிறுத்த?” என்றார் தாய்மாமன். பிறகு என் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைப் பார்த்தார். “இது எதுக்குவே?”

“பறவை பார்க்க. காலையில் குளத்தில் பார்த்தோம்.”

“மொட்ட மாடில நின்னா கொளம் பூரா தெரியும். மேல பந்தலும் கெடக்கு. வாரும். சூடு இல்லன்னு சொன்ன வாயால கொக்கப் பத்திச் சொல்லும்.”

அப்படித்தான் நான் முன்பின் தெரியாத நாற்பது பேரை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனேன். பெண்ணின் அப்பா என்னை, “சேலத்துலேருந்து வந்திருக்காவ, நமக்கு வேண்டப்பட்டவுக” என்று அறிமுகம் செய்தார். தெரிந்தே சொன்னார். அந்த வார்த்தைக்கு நான் தகுதி இல்லாதவன் என்பது அங்கே எங்கள் இரண்டு பேருக்கும், கூட வந்த தாய்மாமனுக்கும் மட்டும்தான் தெரியும்.

வாழ்க்கையில் அவ்வளவு பேச்சு நான் பேசியதில்லை. நீர்க்காகம் ஏன் சிறகை விரித்துக்கொண்டு வெயிலில் நிற்கிறது, நத்தைக்குத்தியின் அலகு நடுவில் ஏன் மூடாது என்றெல்லாம் சொன்னேன். மாப்பிள்ளையின் பெரியம்மா ஒருவர் பைனாகுலரை வாங்கியவர் திருப்பித் தரவே இல்லை.

“ஏலே, அந்தக் கொக்கு பாம்ப முழுங்குதுலே!”

“பெரியம்ம, குடு, நானும் பாக்கேன்.”

“இருலே, இன்னும் பாதி வெளிய கெடக்கு.”

படியில் ஆள் ஏறும் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தேன். கீழே தேங்காய்ப்பால் மறுபடி திரிந்தால்? நேரமாகிறதே என்று இவர்களில் ஒருவர் முகம் சுளித்தால்? அந்தப் பெண் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் கண்முன் வந்தது. உண்மையான அத்தையும் மாமாவும் நடுவில் வந்து சேர்ந்தார்கள். அந்த மாமாவுக்கு மட்டும் உடனே ஏதோ சாப்பிடக் கொடுத்தார்கள். சரியாக 42 நிமிடம் கழித்து என் மனைவி படியில் தலையை நீட்டிப் புன்னகை செய்தாள்.

பந்தியில் நானும் வாளி தூக்கினேன். பெரியம்மா முதல் வாய் வைத்துவிட்டு, “இப்பந்தான் எறக்குனாப்புல இருக்கு. எங்க பக்கம் விருந்துல என்னைக்கு இப்பிடிச் சூடாக் கெடச்சிருக்கு!” என்றார். பெண்ணின் அப்பா என்னைப் பார்த்தார். தவசுப்பிள்ளை என் பின்னால் வந்து, “எல்லாம் இவரு சொன்னதுனாலதான்” என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். கடைசிப் பந்தியில் அவர்களோடு உட்கார்ந்து நாங்களும் சாப்பிட்டோம். அந்தப் பெண்ணே எங்களுக்கு ஊற்றினாள். “சூடு போதுமா மாமா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். தாய்மாமனும்கூட.

மாலை 5.15-க்கு மறுபடி குளக்கரை. வாங்கி வந்த சூடான அல்வா இலையிலேயே இருந்தது. பறவைகள் அடையத் திரும்பிக்கொண்டிருந்தன. நான் எண்ணவில்லை.

“அந்தப் பொண்ணோட அப்பா கும்பிட்டாரே, அதுதான் மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது” என்றேன்.

மனைவி குளத்தைப் பார்த்தபடியே சொன்னாள். “நம்ம பையன் கல்யாணத்துல சம்பந்தியும் உங்க முன்னாடி அப்படித்தானுங்க நின்னாரு. நீங்க பார்க்கலை.”

இரண்டு வருடத்துக்கு முந்தைய விஷயம். மதியப் பந்தி இருபத்தைந்து நிமிடம் தாமதம், பாயசத்தில் இனிப்புக் குறைவு என்று சம்பந்தியைத் தனியாக அழைத்துச் சொன்னேன். சண்டை போடவில்லை, தகவலுக்காகச் சொன்னேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அன்றைய நாட்குறிப்பில் இருபத்தைந்து நிமிடம் இருக்கிறது, பாயசம் இருக்கிறது. அவர் கைகூப்பியது இல்லை. நான் அதைக் கவனிக்கவே இல்லை. மருமகள் எங்கே நின்றுகொண்டிருந்தாள் என்பதும் எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 9, ஞாயிறு. எழுந்ததும் முதல் வேலையாக, காலை 6.20-க்கு, கரூரில் இருக்கும் சம்பந்திக்கு போன் செய்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

“சம்பந்தி! என்னங்க இவ்வளவு காலையில? எங்க பொண்ணு ஏதாவது தப்புப் பண்ணிருச்சுங்களா?”

“இல்லைங்க, தப்புப் பண்ணினது நான்” என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறிப்போய் அதெல்லாம் ஒன்றுமில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஆனால் என் பெயர் திரையில் தெரிந்த நொடியில் அவர் மனம் எதை நினைத்துப் பயந்தது என்பதை நான் கேட்டுவிட்டேன். இனி என் குரலைக் கேட்டால் அந்த மனிதர் பயப்படாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே, இப்போதும் வாரம் ஒருமுறை ஒரு காரணமும் இல்லாமல் அவரை அழைத்துப் பேசிக்கொண்டிருக்கிறேன்.