வட்டம் நின்றுபோன ஞாயிறு

பதினெட்டு வருடம் கர்நாடக சங்கீத வயலின் கற்றவனுக்கு ஒரு நாட்டுப்புற மெட்டு என்ன பெரிய விஷயம் என்று நினைத்திருந்தேன். அந்தத் திமிருக்கு மருந்து, பாரிஸில் நான் குடியிருந்த தமிழர் பகுதியான லா ஷப்பேலிலேயே கிடைத்தது.

அப்போது எனக்குப் பாரிஸை ஒட்டிய சென் தெனியில் மென்பொருள் வேலை. எங்கள் தெருவிலிருந்த சமூகக் கூடத்தில் ஞாயிறு மதியங்களில், பிரான்சின் மேற்குக் கோடியான பிரெத்தாஞ் பகுதியின் வட்ட நடனம் ஆடுவார்கள். இதைச் சொன்னவர் பக்கத்து ரூ பெர்தொனே தெருவில் சமையல் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து நண்பர். அவரும் அங்கே ஆடுகிறவர். அந்தக் குழுவின் வயலின்காரர் ஊரைவிட்டுப் போயிருந்தார். குழுவை நடத்திய, அக்கார்டியன் வாசிக்கும் பெண்மணி, என்னைச் சில வாரம் வைத்துப் பார்க்கச் சம்மதித்தார். முதல் நாள் போர்வையை விரித்துச் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். மற்றவர்கள் நின்று வாசிப்பவர்கள். மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

அந்த வயலின்காரர் இடம் எனக்கு வேண்டும் என்று வெறியாக இருந்தது. பாரிஸில் என் வாசிப்பைக் கேட்க வீட்டுச் சுவரைத் தவிர யாரும் இல்லை.

மூன்றாவது ஞாயிறு, ஆட்டத்தின் நடுவே அந்தப் பெண்மணி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மெட்டை நீ நடத்து என்று அர்த்தம். எங்கள் கச்சேரியில் பாடகர் அப்படித் தலையசைத்தால் வயலின்காரன் தன் கற்பனையைக் காட்ட வேண்டும். காட்டினேன். மெட்டை வளைத்தேன், குழைத்தேன், மனக்கணக்குப் போட்டுத் தாளத்தின் குறுக்கே ஸ்வரங்களை அடுக்கி, மிகச் சரியாக முதல் அடியில் வந்து இறங்கினேன். பாராட்டை எதிர்பார்த்து நிமிர்ந்தால், வட்டம் நின்றிருந்தது. சுண்டுவிரல்களைக் கோத்தபடி அத்தனை பேரும் தங்கள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இடைவேளையில் நண்பர் வந்தார்.

"அண்ணை, வாசிச்சது திறம். ஆனால் காலை எங்கை வைக்கிறதெண்டு எங்களுக்குத் தெரியேல்லை."

"தாளம் ஒரு எடத்துலயும் விடலையே?"

"ஓம், நீங்கள் விடேல்லை. நாங்கள்தான் விட்டிட்டம்."

எனக்குக் கோபம் வந்தது. அதற்குள் அந்தப் பெண்மணி, அடுத்த வாரம் வயலின் கொண்டுவர வேண்டாம், வந்து ஆடுங்கள் என்றார். என்னைக் கழற்றிவிட்டார் என்றே நினைத்தேன். இரண்டு நாள் வயலின் பெட்டியைத் தொடவில்லை.

ஆனாலும் போனேன். நண்பருக்கும் முன்பின் தெரியாத ஒருவருக்கும் நடுவே மூன்று ஞாயிறு தடுமாறினேன். கெண்டைக்கால் வீங்கியது. அழுத்தமான ஸ்வரம் மயிரிழை தாமதமானாலும் முழங்காலுக்குத் தெரிந்துவிடுகிறது. எங்கள் ரசிகர் தொடையில் தாளம் போடுவார், தவறினால் கையைத் தூக்கி மீண்டும் ஆரம்பிப்பார். இவர்களோ உடம்பையே வாசிப்பவனிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து வெட்கமாக இருந்தது.

அதற்கடுத்த ஞாயிறு அந்தப் பெண்மணி ஒரு வயலினை என் கையில் கொடுத்தார். நின்றுகொண்டு அந்த ஒரே மெட்டைக் கால்மணி நேரம் திரும்பத் திரும்ப வாசித்தேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நண்பர் கண்ணை மூடியபடி என்னைக் கடந்து போனார். என் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முடிந்ததும் அந்தப் பெண்மணி நன்றாக இருந்தது என்றெல்லாம் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு ஒத்திகை என்று மட்டும் சொன்னார்.