மேக்ரோ தின்ற பட்டியல்

நான் சொல்லச் சொல்ல மருமகள் இந்தப் பதிவைத் தட்டுகிறாள்.

சிதம்பரத்தில் என் மகன் செல்வத்தின் பிரவுசிங் சென்டரில் இன்று ரத்தம் சிந்திவிட்டது.

காடாம்புலியூர் முருகன், கத்தாரில் காணாமல் போன தம்பியைத் தேடி இரண்டு வருஷமாக ஆஸ்பத்திரி, தூதரகப் பக்கங்களையெல்லாம் அங்கே புக்மார்க் செய்து வைத்திருந்தான். நேற்று கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துச் செல்வம் ஃபார்மட் அடித்தான்.

"பயப்படாத மச்சான், எல்லாத்தையும் எக்செல்ல எடுத்து வைக்கவும் திரும்பக் கொண்டுவரவும் மேக்ரோ போட்டிருக்கேன், பட்டன அமுக்குனா அதுவே செஞ்சிடும்."

இன்று திரும்பக் கொண்டுவரும் பட்டனை விட்டுவிட்டு, சேமிக்கும் பட்டனை அமுக்கினான். காலியான பிரவுசரின் வெற்றுப் பட்டியலைப் பழைய பட்டியலின் மேலேயே மேக்ரோ எழுதிவிட்டது.

"எந் தம்பிய அழிச்சிட்டியேடா!"

முருகன் கீபோர்டைப் பிடுங்கிச் செல்வத்தின் மண்டையில் அடித்தான். எழுத்தெல்லாம் தரையில் தெறித்தன. அடுத்து நாற்காலியைத் தூக்கினான். குறுக்கே போன என் தோளில் அது விழுந்தது.

"நிறுத்துடா! எனக்கு ஞாபகமிருக்கு!"

எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் முருகன் ஒவ்வொரு பக்கத்தையும் வாய்விட்டுப் படிப்பான். பதினேழு பக்கங்களின் பெயரையும் வரிசையாகச் சொன்னேன். ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே செல்வம் தேடித் தேடிச் சேமித்தான்.

மேக்ரோவைத் திருத்தத் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். இன்னொரு அடிக்கு அவன் மண்டையில் இடமில்லை.