ஏகாம்பரம் போட்ட சத்தம்

போன ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் ஒரு சின்ன ஹாலில் என் மானம் போயிற்று. போக வேண்டியதுதான்!

யூகோ என்று ஒரு ஜப்பானியப் பெண்மணி. கணவருக்கு மறைமலைநகரில் கார் பார்ட்ஸ் கம்பெனியில் வேலை. அவர்கள் ஊரில் கதையைப் பாட்டும் வசனமுமாகச் சொல்லும் கலை ஒன்று உண்டு – ரோக்கியோகு. நம்மூர் கதாகாலட்சேபத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்களேன். கல்யாணத்துக்கு முன் யூகோ மேடையேறிப் பாடியவர். இங்கே வந்த மூன்று வருஷமாகக் காருக்குள் மட்டும்தான் கச்சேரி. அடுத்த மாதம் ஊர் திரும்புகிறார். போவதற்குள் ஒரே ஒரு தடவை ஆட்கள் முன்னால் பாட வேண்டும் என்று ஆசைப்பட்டார். நியாயமான ஆசைதானே?

ஏற்பாடு அடியேன். நாற்பது பேரைத் திரட்டினேன். கூடவே ஒரு கண்டிஷன் போட்டேன்... “ஜப்பான்காரங்க ரொம்ப டீசன்ட்டானவங்க. மூச்சு விடுற சத்தம்கூடக் கேக்கக் கூடாது!”

செல்போனில் பதிவு செய்து வைத்திருந்த தந்தி வாத்தியம் ஒலித்தது. யூகோ குனிந்து வணங்கினார். எங்களைப் பார்த்தார். ஹாலில் ஒரு சத்தம் இல்லை. பாட வேண்டிய இடம் வந்தது... போயே போய்விட்டது. வாய் திறக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து போட்டார். மறுபடியும் அதே கதை. அவர் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். யூகோவின் கார் டிரைவர், அச்சரப்பாக்கம் ஏகாம்பரம்.

“இன்னாம்மா... எம்மா நேரமா வெயிட் பண்ணிகினு கீறோம்! பாடும்மா!”

அடப்பாவி! திரும்பி முறைத்தேன்.

மேடையில் யூகோவின் முகம் மலர்ந்துவிட்டது. பாடினார் பாருங்கள்! கடலுக்குப் போன மகனைத் தேடும் தாயாக அழுதார், படகுக்காரனாக உறுமினார். கதைச் சுருக்கத்தை முன்பே சொல்லியிருந்தார்; மற்றபடி எங்களுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனாலும் பக்கத்து நாற்காலியில் கடப்பாக்கம் மீன்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இடைவேளையில் யூகோ நேராக ஏகாம்பரத்திடம் வந்து குனிந்து வணங்கினார். அரைகுறைத் தமிழில் விளக்கினார். பாடுகிறவர் மேடைக்கு வந்ததும், ‘உனக்காகத்தான் காத்திருக்கிறோம்!’ என்று ரசிகர்கள் கத்துவது அவர்கள் ஊர் வழக்கமாம். யாருமே கத்தாவிட்டால்? ‘என் பாட்டு யாருக்கும் வேண்டாம் போலிருக்கு’ என்று நினைத்து உடைந்துபோயிருக்கிறார். மரியாதை, மரியாதை என்று நான்தான் அவர் தொண்டையை அடைத்திருக்கிறேன்!

“உனக்கு எப்படிய்யா தெரியும்?” என்றேன் ஏகாம்பரத்திடம்.

“எனக்கு இன்னா சார் தெரியும்? டெய்லி கார்ல கேக்குறேன், சூப்பரா பாடும். அது பாடாம நிக்கசொல்ல மனசு கேக்கல... கத்திட்டேன்.”

நமக்குப் பிடித்தவர்களிடம், ‘வா, உனக்காகத்தான் காத்திருந்தேன்’ என்று எத்தனை முறை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறோம்? எனக்கு ஒரு முறைகூட நினைவில்லை.

இரண்டாவது கதைக்கு யூகோ மேடையேறியதும் நானே எழுந்து கத்தினேன் – “உங்களுக்காகக் காத்திருக்கிறோம்!”

ஏகாம்பரம் முழங்கையால் இடித்தார்.

“சார்... சவுண்டு பத்தல.”