மருந்துக் கையோடு பிசைந்த சோறு

அன்று தோட்டத்தில் நான், பதினாறு வயது மகன் கவின், தங்கை மகள் ஷாமினி, வேலையை மேற்பார்க்கும் மண்டோர், பூச்சிமருந்து அடிக்கும் ஆள் எல்லோரும் இருந்தோம். மலேசியாவில் ஈப்போ பக்கம், பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துப் போட்ட கொய்யாத் தோட்டம் அது. பள்ளி விடுமுறையில் காய்களுக்கு உறை கட்டப் பிள்ளைகளை அனுப்பியிருந்தேன்.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். அட்டை, பாம்பு, வெயில் எல்லாம் யோசித்து பூட்ஸ், தொப்பி, நீளக்கைச் சட்டை கொடுத்தேன். கையைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை. மூன்றாம் நாள் மதியம் தேங்காய்ப்பாலில் வேகவைத்த நாசி லெமாக் சோறு கொண்டுபோனேன். கவின் சோற்றைப் பிசைந்தான். விரலிடுக்கெல்லாம் வெள்ளை மாவு.

“என்னடா இது?”

“இலையில உள்ள மருந்தும்மா. காலைலதான் அடிச்சாங்க.”

வாய்க்குப் போன கையைத் தட்டிவிட்டேன். கை கழுவத் தண்ணீர் எங்கே என்று மண்டோரிடம் கேட்டேன்.

“கால்வாய்ல கழுவச் சொல்லுங்கலா அக்கா. நாங்க எல்லாம் செத்தா போயிட்டோம்?”

அந்தக் கால்வாயில்தான் மருந்து ஆள் தன் தொட்டியை அலசிக்கொண்டிருந்தார். நுரை மிதந்து வந்தது.

“ரெண்டு நாளா இதுலதான் கழுவுனோம் பெரியம்மா,” என்றாள் ஷாமினி. ஆறாம் வகுப்போடு நின்ற எனக்கே தெரிகிற அசிங்கம், மண்டோருக்குத் தெரியவில்லை. பிள்ளைகளை அப்போதே கூட்டிவந்துவிட்டேன்.

இப்போது எந்த வேலைக்கு அனுப்பினாலும், மருந்து எப்போது அடித்தார்கள், குழாய் எங்கே என்று நானே போய்ப் பார்க்கிறேன். சோற்றோடு சோப்பும் தண்ணீரும் போகும். பாதியில் போனவர்களுக்குச் சம்பளம் இல்லை என்கிறார் மண்டோர். இரண்டரை நாளுக்கு இருவருக்கும் வரவேண்டிய இருநூறு வெள்ளி இன்னும் கைக்கு வரவில்லை.